கல்குவாரிக் கம்பனியில் பங்கு வாங்க முன் ‘மொத்த வருமதி’யைப் பிரித்துப் பாருங்கள்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் கல் உடைத்து விற்கும் ஒரு சிறு கம்பனி, பங்கு தருகிறோம் என்று ஓய்வுபெற்றவர்களிடம் பணம் சேர்த்திருக்கிறது. எங்கள் அப்பாவும் தன் பணிக்கொடையில் 30 இலட்சம் கொடுத்தார். இலாபம் வரவில்லை, முதலைக் கேட்டால் போன் எடுப்பதில்லை. இப்போது அதே ஆட்கள் அதே கணக்கறிக்கையோடு கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் திரிவதாகக் கேள்வி. அதனால் அந்த அறிக்கையில் என்ன இருந்தது என்பதை விவரமாக எழுதுகிறேன்.

அப்பாவிடம் காட்டியது 2025 மார்ச் 31இல் முடிந்த வருடத்துக் கணக்கு. விற்பனை 7 கோடி 30 இலட்சம். மொத்த வருமதிகள், அதாவது மற்றவர்கள் கம்பனிக்குத் தரவேண்டிய பணம், 4 கோடி 80 இலட்சம். வங்கியில் மூன்று இலட்சம்கூட இல்லை. அதற்கும் பதில் தயாராக இருந்தது: “காசெல்லாம் வெளியில நிக்குது சேர். ரோட்டு வேலைக்காரர்ர பில் பாஸானா வந்திரும். இப்ப கிரஷர் மெஷினுக்குத்தான் காசு தேவை.” நாலே முக்கால் கோடி வரவேண்டிய கம்பனி என்றால் யாருக்கும் நம்பிக்கை வரும். அப்பா வாழ்நாள் முழுக்கப் படிப்பித்தவர், கணக்காய்வாளர் கையெழுத்து இருந்த தாளை நம்பினார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

அவருக்குக் கொடுத்தது முன்பக்கங்களின் போட்டோக்கொப்பி மட்டும். பின்னால் இருக்கும் குறிப்புகளைக் கொடுக்கவில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை செய்பவள்; விடாமல் கேட்டு முழு அறிக்கையையும் வாங்கினேன். அந்த 4 கோடி 80 இலட்சம் உடைந்தது இப்படி. கல் வாங்கியவர்கள் தரவேண்டியது 2 கோடி 90 இலட்சம். ‘தொடர்புடைய தரப்பினர்’ தரவேண்டியது 1 கோடி 10 இலட்சம். முற்பணமும் வைப்புகளும் 45 இலட்சம். மீளப்பெற வேண்டிய வரி 35 இலட்சம்.

அந்தத் தொடர்புடைய தரப்பு யார்? ஒரு லொறிக் கம்பனி. கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில் கட்டணம் கட்டினால் பணிப்பாளர் விவரம் எடுக்கலாம். எடுத்துப் பார்த்தால் குவாரி முதலாளியின் மனைவிதான் அங்கே பணிப்பாளர். அதாவது கம்பனிக் காசு வீட்டுக்குள்ளேயே போயிருக்கிறது, திருப்பித் தரும் திகதி எங்கேயும் எழுதப்படவில்லை. இதைக் கல் விற்ற கடனோடு ஒரே வரியில் கூட்டிக் காட்டியதைத்தான் நான் ஏமாற்று என்கிறேன். வைப்பில் ஒரு பகுதி, தோண்டிய குழியைச் சீர்செய்வதற்கான பிணைப்பணம். குழியைச் சீர்செய்யாமல் அது திரும்பாது. மீளப்பெற வேண்டிய வரியும் பெரும்பாலும் அடுத்த வரியில் கழிபடுமே தவிர, காசாகக் கைக்கு வருவது அரிது.

மிச்சம் அந்த 2 கோடி 90 இலட்சம். வருட விற்பனையை 365ஆல் பிரித்தால் நாளுக்கு 2 இலட்சம். ஆகவே 145 நாள் விற்பனை வெளியில் நிற்கிறது. பில்லில் 18 சதவீத வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்திருக்கும், விற்பனைக் கணக்கில் இருக்காது. அதைக் கழித்தாலும் 120 நாளுக்கு மேல். இவர்கள் சொன்ன கடன் தவணையோ ஒரு மாதம். இந்த இடத்தில் கடன்களின் வயதுப் பட்டியலை, அதாவது எந்தக் கடன் எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலைக் கேட்க வேண்டும். தர மறுத்தார்கள். சட்டத்தரணி எழுதிய பிறகுதான் வந்தது: 1 கோடி 60 இலட்சம் ஒரு வருடத்துக்கு மேற்பட்டது, முழுவதும் ஒரே ஒரு உப ஒப்பந்தகாரர் பெயரில். 2022 நெருக்கடியில் அரசாங்கப் பணம் முடங்கி வீதி வேலைகள் நின்றபோது தொழிலை விட்டவர் அவர். ஐயக்கடன் ஏற்பாடு (வராமல் போகக்கூடிய கடனுக்கான ஒதுக்கீடு) என்று ஒரு சதமும் ஒதுக்கவில்லை.

அந்தக் கடனுக்குச் சாட்சி என்று அவர்கள் வைத்திருந்த தாள் கட்டையும் பார்த்தேன். காபன் கொப்பி லோட் துண்டுகள். லொறி இலக்கம், எத்தனை கியூப் (கல்லை அளக்கும் அளவு), திகதி, அவ்வளவுதான். பாரம் எடுத்தவர் கையெழுத்திட வேண்டிய கோட்டில் துண்டுக்குத் துண்டு வெறுமை. நம் நாட்டில் 1871ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று, விற்றுக் கொடுத்த பொருளுக்கான கடனை ஒரு வருடத்துக்குள் வழக்காட வேண்டும் என்கிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் ஆறு வருடம். கடன்காரர் எழுத்தில் ஒத்துக்கொண்டிருந்தாலோ, கொஞ்சமாவது கட்டியிருந்தாலோ காலம் நீளும். இங்கே ஒப்பந்தமும் இல்லை, ஒத்துக்கொண்ட கடிதமும் இல்லை. ஆக, அந்த 1 கோடி 60 இலட்சத்தைக் கழித்தால் வரக்கூடிய காசு 1 கோடி 30 இலட்சம்தான்.

கல், மண் தொழிலில் இன்னொரு சோதனை இருக்கிறது, இதை வெளியில் பலரும் கேட்பதில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் வேண்டும். எடுக்கும் அளவுக்கு றோயல்டி (அரசுக்குச் செலுத்தும் உரிமைப்பணம்) கட்ட வேண்டும். றோயல்டிப் பற்றுச்சீட்டில் உள்ள கியூப் கணக்கையும் பில் போட்ட கியூப் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். பில் அதிகமாக இருந்தால் ஒன்றில் அந்த விற்பனை பொய், இல்லாவிட்டால் கல் களவாக எடுத்தது. இரண்டிலும் உங்கள் பணத்துக்கு ஆபத்து. இவர்களிடம் பற்றுச்சீட்டுக் கேட்டபோது, ஒபிஸில் இருக்கிறது, பிறகு தருகிறோம் என்றார்கள். இன்னும் தரவில்லை.

சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் போயிருக்கிறது. வழக்குக்கும் ஆயத்தம் நடக்கிறது. அம்பாறைப் பக்கம் யாரிடமாவது இந்த அறிக்கை வந்தால், முன்பக்கத்தோடு நிற்காமல் வருமதிக் குறிப்பு, வயதுப் பட்டியல், றோயல்டிப் பற்றுச்சீட்டு மூன்றையும் கேளுங்கள். ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள், கொடுத்த ரசீதையும் அவர்கள் தந்த கொப்பியையும் பத்திரமாக வையுங்கள். தனித்தனியாகப் போவதைவிடச் சேர்ந்து வழக்குப் போடுவது நல்லது என்று எங்கள் சட்டத்தரணி சொல்கிறார்.