480 வெள்ளி (ரிங்கிட்) போச்சு: புகை அலாரம் பேட்டரி பார்க்க வருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இரண்டு நாள் போனால் "சரி, போகட்டும்" என்று நானே விட்டுவிடுவேன். விடக் கூடாது.

கோலாலம்பூர் செந்தூலில் இரட்டை மாடி வரிசை வீடு எங்களுடையது. அம்மாவுக்கு 74 வயது. நாங்கள் வேலைக்குப் போய்விட்டால் மாலை வரை அவர் தனி. அதற்காகவே கூடத்தில் ஒன்று, மாடிப்படிக்கு மேலே ஒன்று, படுக்கையறைகளில் இரண்டு என்று பேட்டரியில் ஓடும் புகை அலாரம் நான்கு மாட்டியிருக்கிறோம். போன தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது நானே நாற்காலி போட்டு ஏறி, நான்கிலும் புது அல்கலைன் பேட்டரி மாற்றினேன்.

மார்ச் மாதம், வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியில் "புகை அலாரம் பரிசோதனை, 100 வெள்ளி" என்று பார்த்தேன். அம்மா விஷயம், முறையாகத் தெரிந்தவர் ஒரு தடவை பார்க்கட்டும் என்று பதிவு செய்தேன்.

வந்தவர் தமிழ்ப் பையன். முப்பது வயது இருக்கும். வாசலிலேயே காலணியைக் கழற்றினார். ஏணிக்குக் கீழே தூசி விழாமல் இருக்க, கேட்காமலேயே பழைய செய்தித்தாளை விரித்தார். அம்மாவிடம் "உள்ளே வரலாமாம்மா?" என்று கேட்டார். அங்கேயே நான் விழுந்துவிட்டேன்.

கூடத்து அலாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் இரண்டு முனையையும் வைத்து என் முகத்துக்கு நேரே காட்டினார். 8.7. "பார்த்தீங்களாக்கா? ஒன்பது வோல்ட் பேட்டரியில ஒன்பதே இல்ல. செத்துக்கிட்டு இருக்கு." அப்புறம் தன் நீலப் பெட்டியிலிருந்து தங்க நிற உறை போட்ட ஒன்றை எடுத்து அதே மாதிரி வைத்தார். 9.2. "லித்தியம்க்கா. பத்து வருஷத்துக்கு நீங்க ஏணி ஏற வேணாம்." ஒன்று 95 வெள்ளி, நான்குக்கு 380. செயலியில் கட்டினால் கமிஷன் பிடித்துக்கொள்வார்கள், நேராகத் தன் கணக்குக்கே போட்டுவிடச் சொன்னார். போட்டேன். பரிசோதனைக்கு 100, பேட்டரிக்கு 380, ஆக 480 வெள்ளி. என் பேட்டரி நான்கையும் "குப்பையில போடக் கூடாதுக்கா, நானே மறுசுழற்சிக்குக் கொடுத்துடுறேன்" என்று பையில் போட்டுக்கொண்டார். அம்மா அவருக்குக் காப்பி கலந்து கொடுத்தார்.

மே மாதம் கூடத்து அலாரம் நிமிஷத்துக்கு ஒரு தடவை "கீச்" என்று கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது என்றுதான் அதற்கு அர்த்தம். அவருக்கு போன் போட்டேன். "புது பேட்டரி செட் ஆகுதுக்கா. கொஞ்ச நாள்ல தானா நின்னுடும்." சொன்ன மாதிரியே நின்றது. நானும் நிம்மதியாகிவிட்டேன். கீச்சென்று கத்தக்கூடத் தெம்பில்லாமல் பேட்டரி அடியோடு தீர்ந்துதான் நின்றது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மா சாம்பாருக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பின்னறையில் படுத்திருக்கிறார். நான் ஆறு மணிக்குக் கதவைத் திறந்தேன். கூடம் முழுக்கப் புகை. அந்தப் புகைக்கு நடுவில் அலாரம் ஊமையாகத் தொங்குகிறது. பானையின் அடி கருகி ஓட்டையாகிவிட்டிருந்தது. எழுப்பினால் அம்மா இருமிக்கொண்டே சொல்கிறார்: "அலாரம் அடிக்கலையேடி, அதான் எனக்குத் தெரியல."

அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

என் சித்தப்பா மகன் ஒரு தொழிற்சாலையில் மின்சார வேலைகளைப் பார்க்கும் சார்ஜ்மேன். சனிக்கிழமை ரவாங்கிலிருந்து வந்து பார்த்தான். தங்க உறையின் ஓரத்தை நகத்தால் கீறி இழுத்தான், வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் இன்னொரு உறை. "ஹெவி டியூட்டி" என்று அச்சடித்த மலிவான கார்பன்-துத்தநாக பேட்டரி. காலாவதியாகி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. லித்தியமும் இல்லை, அல்கலைன்கூட இல்லை.

அப்புறம் படுக்கையறை பேட்டரியை வைத்துக் காட்டினான். சும்மா வைத்து அளந்தால் 8.4. அலாரத்தில் போட்டு, சோதனைப் பொத்தானை அழுத்திக்கொண்டே அளந்தால் 6க்குக் கீழே இறங்குகிறது, சத்தம் தொண்டை கட்டின மாதிரி வருகிறது. அலாரம் சும்மா இருக்கும்போது மிகக் குறைந்த மின்சாரம்தான் எடுக்கும். ஊளையிடும்போது பல நூறு மடங்கு இழுக்கும். தேய்ந்த பேட்டரியால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது. அந்தப் பையன் காட்டிய 9.2 அதனால்தான் ஒன்றுக்கும் உதவாத எண். அவர் எடுத்துக்கொண்டு போன என் 8.7 நல்ல பேட்டரி! இன்னும் நிறைய நாள் ஓடியிருக்கும்.

போன் செய்தேன். முதலில் "பார்க்கிறேன்க்கா." அடுத்து "அலாரம்தான் பழுது, பேட்டரி இல்ல." உரித்த உறையின் படத்தை அனுப்பினேன். "உறையைக் கிழிச்சா வாரண்டி இல்லக்கா." அதோடு நீல டிக் மட்டும்தான் வருகிறது, பதில் இல்லை. செயலிக்காரர்களிடம் கேட்டால், 380 வெள்ளி எங்கள் வழியாக வரவில்லை, எங்களுக்குச் சம்பந்தமில்லை என்கிறார்கள். சரி, உங்கள் வழியாக வந்த 100? "பரிசோதனை முடிந்தது" என்று நான் அன்றைக்கே அழுத்திவிட்டேனாம். மூன்று நாளில் நான்கு பேரிடம் பேசினேன், நான்கு பேரும் முதலிலிருந்து கதை கேட்டார்கள். 480 வெள்ளியில் ஒரு சென்கூடத் திரும்பவில்லை.

பயனீட்டாளர் நீதிமன்றத்துக்குப் போகிறேன். 5 வெள்ளிதான் கட்டணம், 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம். ஆனால் பாரத்தில் எதிர்த்தரப்பின் முகவரி கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது ஒரு போன் எண்ணும் வங்கிக் கணக்கும். அதனால் செயலி நடத்தும் நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன்.

பேட்டரியைச் சோதிப்பது எப்படி என்று விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. இதையாவது செய்யுங்கள். மாதம் ஒரு தடவை பொத்தானை விடாமல் அழுத்துங்கள். சத்தம் காது வலிக்கிற மாதிரி வரவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள். மீட்டரைக் காட்டிப் பயமுறுத்தினால், அலாரம் கத்தும்போது அளந்து காட்டச் சொல்லுங்கள். கீச் சத்தம் தானாக நின்றால் உடனே பாருங்கள். அலாரத்தின் பின்னால் தயாரித்த தேதி இருக்கும், பத்து வருஷம் தாண்டியிருந்தால் அலாரத்தையே மாற்றிவிடுங்கள். செயலிக்கு வெளியே பணம் போடாதீர்கள். நல்ல அல்கலைன் நான்கு நேற்று பேரங்காடியில் வாங்கினேன், 100 வெள்ளிகூட ஆகவில்லை.

கிள்ளானில் என் தங்கையும் இதே ஆளைத்தான் வருகிற சனிக்கிழமைக்குப் பதிவு செய்திருந்தாள், நான் சொல்லித்தான். இன்று காலை ரத்து செய்ய வைத்தேன். நீலப் பெட்டி, தங்க உறை பேட்டரி, ரொம்ப மரியாதையான பேச்சு. உங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.