சி47.1-ஆ, சி49.1-ஆ? தோள்பட்டை நரம்புக் கட்டிக்கு எதைப் போடுவது

நோயாளியின் சார்ட்டை (சிகிச்சைக் குறிப்புகளை) படித்து, நோய்க்கு உரிய கோடு போடும் மெடிக்கல் கோடிங் வேலை என்னுடையது. போன மாதம் ஒரு சார்ட்டில் எனக்கு எரர் விழுந்தது. ரேடியேஷன் ஆங்காலஜி (புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை) சார்ட், வலது தோள்பட்டை. டாக்டர் நோட்டில் 'சாஃப்ட் டிஷ்யூ சார்கோமா' (மென்திசுவில் வரும் புற்றுநோய்) என்று இருந்தது, நானும் சி49.11 போட்டுவிட்டு அடுத்த சார்ட்டுக்குப் போய்விட்டேன். நாங்கள் போட்ட கோடுகளைச் சரிபார்க்கும் க்யூஏவிலிருந்து திரும்பி வந்தது: சி47.11 என்று திருத்தி. எனக்குக் கோபம்தான் வந்தது, உடனே ரிபட்டல், அதாவது மறுப்பு, எழுத உட்கார்ந்தேன் (ரிபட்டல் எழுதும்போது வருகிற உற்சாகம் நமக்கு சார்ட் படிக்கும்போது வருவதில்லை). பாதி எழுதிய பிறகுதான், அதே சார்ட்டின் கடைசியில் ஸ்கேன் செய்து சொருகியிருந்த பயாப்சி ரிப்போர்ட்டைத் திறந்தேன். 'மேலிக்னன்ட் பெரிஃபெரல் நெர்வ் ஷீத் டியூமர்', அதாவது நரம்பு உறையில் தோன்றும் புற்றுநோய். சத்தமில்லாமல் ரிபட்டலை மூடிவிட்டேன்.

"டாக்டர் சொன்னது தப்பில்லைப்பா, நீ தேடின வார்த்தைதான் தப்பு" என்றார் க்யூஏ அக்கா. அன்றிலிருந்து இந்த விஷயத்தில் நான் சி47 கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

தெரிந்த சமாச்சாரத்தை வேகமாக முடித்துவிடலாம். அமெரிக்காவுக்கான நோய்க் கோடு புத்தகமான ஐசிடி-10-சிஎம்மில் சி47.1 என்பது தோள்பட்டையையும் சேர்த்து கையில் ஓடும் நரம்புகளில் தோன்றிய புற்றுநோய். சி49.1 என்பது அதே இடத்துத் தசை, கொழுப்பு, இணைப்புத் திசு, ரத்தக்குழாய் போன்றவற்றில் தோன்றியது. இரண்டிலும் கடைசி எண் 1 என்றால் வலது, 2 என்றால் இடது, 0 என்றால் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. 2015 அக்டோபர் 1-க்கு முன்னால் ஐசிடி-9 காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, இரண்டும் 171.2 என்ற ஒரே கோட்டுக்குள் அடங்கிக் கிடந்தன. அந்தப் பழக்கம் போகாமல், கையில் கட்டி என்றாலே சி49 என்று விரல் தானாக அடிக்கிற சீனியர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குழப்பத்துக்கு டாக்டர்கள் காரணமில்லை. மேலிக்னன்ட் நெர்வ் ஷீத் டியூமர் சாஃப்ட் டிஷ்யூ சார்கோமாவில் ஒரு வகைதான், ஸ்டேஜ் பார்ப்பதும் அந்தக் கணக்கில்தான். அதனால் சர்ஜனும் ஆங்காலஜிஸ்டும் பேச்சுவாக்கில் 'சார்கோமா' என்றே எழுதுவார்கள். அவர்களுக்கு அது சார்கோமா, கோடு புத்தகத்துக்கு அது நரம்பு. நடுவில் மாட்டிக்கொள்வது நாம்.

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது: கோடு புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸில் எந்த வார்த்தையைப் பிடித்து உள்ளே நுழைகிறோம் என்பது. கைடுலைன் தெளிவாகவே சொல்கிறது, ஹிஸ்டாலஜி பெயர் (எந்தத் திசு வகைக் கட்டி என்ற பெயர்) எழுதியிருந்தால், உடல் இடம் பார்த்துக் கோடு தேடும் நியோபிளாசம் டேபிளுக்கு ஓடாதே, முதலில் அந்தப் பெயரை இண்டெக்ஸில் பார் என்று. 'சார்கோமா' என்று பார்த்தால் இணைப்புத் திசுவுக்கு அனுப்பும், அங்கிருந்து கை என்று போனால் சி49.1 தவிர வேறு எதுவும் வராது. அதே கட்டிக்கு முன்பு வழங்கிய பெயர்களான 'மேலிக்னன்ட் ஸ்வானோமா', 'நியூரோஃபைப்ரோசார்கோமா' இரண்டையும் பார்த்தால் நரம்புக்கு அனுப்பும், வாலில் சார்கோமா ஒட்டியிருந்தாலும் கூட. அப்படியானால் சார்ட்டில் இருக்கிற பெயர்களிலேயே எது மிகக் குறிப்பானதோ அதைத்தான் தேட வேண்டும், முதல் பக்கத்தில் கண்ணில் பட்ட பெயரை அல்ல. நான் செய்த தவறு அவ்வளவுதான். அவுட்பேஷண்ட் (படுக்கையில் சேராமல் வந்துபோகிற நோயாளி) சார்ட்டில், பயாப்சியைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் பேத்தாலஜிஸ்ட்டும் டாக்டர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள், ஃபைனல் ரிப்போர்ட் கையில் இருந்தால் அதில் உறுதியாகச் சொன்ன டயக்னோசிஸை எடுத்துக்கொள்ளலாம். 'சஸ்பிஷியஸ் ஃபார்', 'கன்சிஸ்டன்ட் வித்' என்று இழுத்திருந்தால் அவுட்பேஷண்டில் எடுக்கக் கூடாது. இன்பேஷண்டில் விதி வேறு, அங்கே ரிப்போர்ட்டை மட்டும் வைத்துப் போட முடியாது, பார்க்கிற டாக்டர் அதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். இன்பேஷண்ட் சார்ட் நான் கை வைத்தது மிகக் குறைவு, அங்கே இந்தக் கட்டி வந்தால் பக்கத்து டீமில் கேட்டுக்கொண்டுதான் போடுவேன்.

ஒரு எண் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். ஒரு விசிட் என்றால் ஒன்றுமில்லைதான். ஆனால் கேன்சர் கோடு ஒரு நாளோடு போவதில்லை. எம்ஆர்ஐ, சர்ஜரி, ரேடியேஷன் ஒவ்வொரு நாளும் அந்தச் சிகிச்சைக்கான கோடு இசட்51.0-க்குப் பின்னால், கீமோ என்றால் இசட்51.11-க்குப் பின்னால், இப்படி மாதக்கணக்கில் இன்ஷூரன்ஸுக்குப் போகும் எல்லா கிளெய்மிலும் அதுவே போகும். சர்ஜரி கிளெய்மில் சி49.11, ரேடியேஷனில் சி47.11 என்று போனால், பேப்பரில் பார்க்கிறவனுக்கு அந்த மனிதருக்கு ஒரே தோளில் இரண்டு புற்றுநோய். ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) ஒரு கோட்டில் வாங்கி கிளெய்ம் இன்னொரு கோட்டில் போனால் டினையலுக்கு, அதாவது பணம் மறுக்கப்படுவதற்கு, நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. முதல் சார்ட்டில் ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து பயாப்சியைத் தேடுவது, பின்னால் முப்பது சார்ட் திருத்துவதைவிட எவ்வளவோ மேல்.

சரி, சி49.1 வேண்டவே வேண்டாமா? அப்படியில்லை. லைப்போசார்கோமா, லியோமயோசார்கோமா என்று ரிப்போர்ட் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதுதான். வெறும் சார்கோமா என்று மட்டும் இருந்து வேறெங்கும் பெயர் கிடைக்காவிட்டாலும் அதுதான். கட்டி நரம்பை ஒட்டி இருக்கிறது, நரம்பை அழுத்துகிறது என்பதெல்லாம் நரம்பில் தோன்றியது ஆகாது. பயாப்சியில் பார்க்கும் எஸ்100 என்ற மார்க்கர் பாசிட்டிவ் என்று பார்த்ததும் 'ஆஹா, நரம்பு' என்று குதிக்கிறவர்களும் உண்டு, அது மெலனோமாவிலும் பாசிட்டிவ் வரும். மார்க்கரைப் படித்து முடிவு சொல்வது பேத்தாலஜிஸ்ட் வேலை.

இரண்டுமே தப்பாகப் போகிற இடமும் உண்டு. பிராக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) என்ற வார்த்தையைப் பார்த்ததும் சி47.1 என்று நினைக்கத் தோன்றும், அங்கேயே தோன்றிய கட்டி என்றால் அது சரியும்கூட. கழுத்தில் வேர் இருந்தாலும் அதைக் கையோடுதான் சேர்த்திருக்கிறார்கள், தலை, கழுத்து நரம்புகளுக்கான சி47.0-க்குப் போகக் கூடாது. (நோட்டில் வரும் சி5, சி6 எல்லாம் கழுத்து நரம்பு வேர், கோடு அல்ல. சிரிக்காதீர்கள், டிரெய்னிங் பேட்சில் ஒருவர் கேட்டிருக்கிறார்.) ஆனால் நுரையீரல் உச்சியில் வரும் பான்கோஸ்ட் கட்டி அந்த நரம்புப் பின்னலுக்குள் பரவியிருந்தால் பிரைமரி சி34.1 வரிசையில்தான், நரம்புக்குப் பரவியதற்கு சி79.89. வெறும் 'மாஸ்' (திரட்சி) என்றால் அது நியோபிளாசம் வரிசையிலேயே சேராது, ஆர்22.3-க்குப் போகும். சாதாரண (புற்றுநோய் அல்லாத) ஸ்வானோமா என்றால் டி36.12, அதில் வலது இடது என்ற பேச்சே இல்லை, அதே கையில் வரும் சாதாரண சாஃப்ட் டிஷ்யூ கட்டிக்கு டி21.1-இல் பக்கம் கேட்கிறார்கள். யார் எந்த யோசனையில் பிரித்தார்களோ.

நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1 (நரம்புகளில் கட்டிகள் வளரும் மரபணு நோய்) இருக்கிறதா என்றும் ஒருமுறை ஹிஸ்டரியில் பாருங்கள். நெர்வ் ஷீத் கேன்சர் வருகிறவர்களில் பாதிக்குப் பக்கம் அந்த நோய் உள்ளவர்கள், அதற்கான கோடு க்யூ85.01-ஐ விட்டுவிட்டால் அது தனி எரர்.

அப்புறம் இந்தக் கடைசி எண். சி47.10 போட்டுவிட்டு நகர்வது சுலபம், ஆனால் தோள்பட்டை கேன்சருக்கு ரேடியேஷன் கொடுத்துவிட்டு எந்தத் தோள் என்று தெரியாது என்றால் இன்ஷூரன்ஸ்காரன் சும்மா இருப்பானா? சென்ற வாரம் ஒரு சார்ட்டில் ஹிஸ்டரி பக்கம் இடது கை மரத்துப்போவதாகச் சொன்னது, எம்ஆர்ஐ வலது பக்கக் கட்டி என்றது. டீமில் புதிதாக வந்த தம்பி டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்பினான். 'இடது, வலது, எது?' என்று கேட்டிருக்கலாம், அவன் 'இடது என்று எடுத்துக்கொள்ளலாமா?' என்று கேட்டுவிட்டான். மூன்று நாள் கழித்து டாக்டரிடமிருந்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது: 'ரைட்'.

சார்ட் இன்னும் ஹோல்டில் இருக்கிறது.