ஆள்களப் பெயர் வாங்குவதற்குக் கூகுள் கீவேர்ட் பிளானர் உதவுமா? மலையகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

கூகுள் கீவேர்ட் பிளானர், அடிப்படையில், விளம்பரம் கொடுப்பவர்களுக்கென்று உருவாக்கப்பட்ட கருவி. ஒரு சொல் மாதத்துக்குச் சராசரியாக எத்தனை தடவை தேடப்படுகிறது, அந்தச் சொல்லுக்கு விளம்பரம் போட்டால் ஒரு சொடுக்குக்கு எவ்வளவு கேட்கப்படும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதற்காக, பழைய கீவேர்ட் டூலின் இடத்தில் 2013ஆம் ஆண்டு இது கொண்டுவரப்பட்டது. ஆனால் இலங்கையின் மலையகத்தில் தங்குவிடுதி, தேயிலைப் பொதி, மலையேற்ற வழிகாட்டல் என்று சிறு தொழில் தொடங்கும் பலர் இதை வேறொரு தேவைக்குப் பாவிக்கிறார்கள். இணையத்தளத்தின் முகவரியாக எந்தப் பெயரை, அதாவது எந்த ஆள்களப் பெயரை, பதிவு செய்வது என்பதை இதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல பகுதிகளில் இத்தகைய தொழில்களுக்கு இணையத்தளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை என்பதால், அந்த ஒரு தேவையை மட்டும் வைத்தே கருவியை இங்கு மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருந்தாத பெயரை ஒதுக்குவதற்கு இது மிக நல்ல கருவி. பொருத்தமான பெயரைத் தெரிவு செய்வதற்கு இதை மட்டும் நம்பினால் காசு வீணாகும்.

உள்ளே நுழைவதற்கு கூகுள் ஆட்ஸ் கணக்கு வேண்டும். 2018 வரை ஆட்வேர்ட்ஸ் என்று அழைக்கப்பட்டதும் இதுவே. புதிதாகக் கணக்குத் திறப்பவரை உடனே ஒரு விளம்பரம் தயாரிக்கும்படி அது தள்ளிக்கொண்டே இருக்கும். வங்கி அட்டை விவரங்களையும் கேட்கும். விளம்பரம் இல்லாமல் கணக்கை மட்டும் திறந்துகொள்ளும் வழி இருந்தாலும், அது கண்ணில் படும்படி வைக்கப்படவில்லை. வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு அனுமதிக்கப்பட்ட அட்டை கையில் இல்லாத ஒரு விடுதிக்காரருக்கு இந்தப் படியே பெரிய தடை. அதனால்தான் அவர் என்னைப் போன்ற ஒருவரிடமோ, இலக்கங்களை அச்சிட்டுக் கொண்டுவந்து பெயர் விற்கும் இடைத்தரகரிடமோ போக நேர்கிறது.

உள்ளே போனபின் கிடைக்கும் தகவல் எத்தகையது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் செலவிடாத கணக்குகளுக்குச் சரியான எண்ணிக்கை பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. 10 முதல் 100 வரை, 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று வீச்சுகள் மட்டுமே காட்டப்படுகின்றன. மாதத்துக்கு 110 தடவை தேடப்படும் சொல்லும் 990 தடவை தேடப்படும் சொல்லும் அந்தத் திரையில் ஒரே வரிசையில் நிற்கும். சிறிய ஊர்களில் தொழில் செய்பவர்களுக்கு முக்கியமான வேறுபாடு முழுவதும் இந்த ஒரே வீச்சுக்குள் அடங்கிப் போகிறது. பணம் செலவிடும் கணக்கில் தெரியும் எண்களும் உண்மையான எண்ணிக்கை அல்ல. 320க்கு அடுத்தது 390, அதற்கு அடுத்தது 480, பிறகு 590, 720, 880 என்று முன்பே வகுக்கப்பட்ட படிகளில்தான் அவை வரும். ஒரு பெயர் 480, இன்னொன்று 590 என்று காட்டினால், இரண்டாவதற்கு இவ்வளவு கூடுதல் மதிப்பு உண்டு என்று கணக்குப் போடுவதற்கு அங்கே ஆதாரமில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நெருங்கிய வடிவங்களை, அதாவது ஒருமை பன்மை வேறுபாடுகளையும் எழுத்துக்கூட்டுப் பிழைகளையும், பிளானர் பெரும்பாலும் ஒன்றாகச் சேர்த்து ஒரே எண்ணிக்கையைத் தருகிறது. விளம்பரதாரருக்கு அது வசதி. ஆள்களப் பெயரிலோ ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு சொத்து, வேறு உரிமையாளர். தெமோதரைக்கும் எல்லவுக்கும் இடையில் 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை ஆங்கிலத்தில் 'நைன் ஆர்ச்' என்றும் 'நைன் ஆர்ச்சஸ்' என்றும் எழுதுகிறார்கள். நைன் என்பதற்குப் பதிலாக 9 என்ற இலக்கத்தை இடுபவர்களும் உண்டு. இந்த வடிவங்களில் எதை எத்தனை பேர் தட்டச்சு செய்கிறார்கள் என்பதுதான் பெயர் வாங்குபவருக்குத் தேவையான தகவல். அதைத்தான் கருவி பொத்தி வைக்கிறது. நுவரெலியாவின் ஆங்கில எழுத்துக்கூட்டுக்கும், ஒரு சொல்லாகவா இரண்டு சொல்லாகவா என்ற கேள்விக்கும், இதே நிலைதான்.

ஊர்ப் பெயர்களை வைத்துத் தேடும்போது எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்ல என்பதன் ஆங்கில எழுத்துக்களை மட்டும் இட்டால் வரும் எண்ணிக்கை பிரமிக்க வைக்கும். ஆனால் அதே எழுத்துக்கள் உலகமெங்கும் பெண்களுக்கு இடப்படும் ஒரு பெயர். ஸ்பானிய மொழியில் அன்றாடம் புழங்கும் ஒரு சொல். அந்த எண்ணிக்கையில் மலைக்கு வர நினைப்பவர் எத்தனை பேர் என்பதைப் பிரித்தறிய வழியே இல்லை. ஹட்டனை இட்டால் இன்னொரு குழப்பம்: 1888இல் அந்த ஊரில் தொடங்கி, அதன் பெயரைத் தாங்கி நாடு முழுவதும் இயங்கும் வங்கியைத் தேடுபவர்களும், அதே குடும்பப் பெயருள்ளவர்களைத் தேடுபவர்களும் அதில் கலந்து வருவார்கள். அப்புத்தளைக்கு இந்தத் தொல்லை கிடையாது. எண்ணிக்கை சிறிதாக இருந்தாலும் தேடுபவர் அந்த ஊரையே தேடுகிறார் என்று நம்பலாம். ஊர்ப் பெயரோடு 'ஹோம்ஸ்டே', 'ரயில்', 'தேயிலைத் தொழிற்சாலை' போன்ற ஒரு சொல்லைச் சேர்த்துத் தேடும்போதுதான் எண் பேசத் தொடங்குகிறது. அப்படிச் சேர்த்தபின் சுருங்கி வரும் சிறிய எண்ணையே நான் நம்புகிறேன்.

இடத் தெரிவைப் பலர் கவனிப்பதில்லை. கணக்கு இலங்கையில் திறக்கப்பட்டிருந்தால் பெரும்பாலும் இலங்கையில் நடந்த தேடல்களைத்தான் அது காட்டும். விடுதிக்கு வரும் விருந்தினர் ஜேர்மனியிலோ பிரித்தானியாவிலோ இந்தியாவிலோ இருந்து, பயணத்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே தேடியிருப்பார். ஆகவே இடத்தை ஒவ்வொரு நாடாக மாற்றிப் பார்க்க வேண்டும். இந்த வசதி பிளானரில் மிக நன்றாகவே இருக்கிறது. பெயருக்காக அல்லாமல், எந்த நாட்டு மொழியில் இரண்டாவது பக்கம் எழுதுவது என்ற தீர்மானத்துக்கு எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது.

மாதச் சராசரி என்பது வழமையாகக் கடந்த 12 மாதங்களின் சராசரி. மலையகத்தின் தொழில்களோ பருவத்தால் ஆளப்படுபவை. சிவனொளிபாதமலைப் பருவம் டிசம்பர் போயாவில் (முழுநிலா நாளில்) தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. நல்லதண்ணியில் விடுதி வைத்திருப்பவருக்கு ஆண்டுச் சராசரி எதையும் சொல்லாது. மாதவாரிக் கோட்டைத் திறந்து பார்த்தால்தான் ஏற்றமும் இறக்கமும் தெரியும். நுவரெலியாவின் ஏப்ரல் வசந்தகாலத்துக்கும் இது பொருந்தும். பிளானரில் காலப்பகுதியைப் பின்னோக்கி நீட்டிப் பார்க்க முடிந்தாலும், 2004 முதலான போக்கைக் காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸை இதற்குப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ட்ரெண்ட்ஸ் எண்ணிக்கையைத் தருவதில்லை. உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு மட்டுமே காட்டும். ஆனாலும் 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னும், நாடு சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டிருந்த 2020இலும், 2022இன் பொருளாதார நெருக்கடியின்போதும் நம் தொழில் பட்ட அடியை நினைவில் வைத்து அந்தக் கோட்டைப் பார்ப்பவருக்கு, ஏதோ ஓர் ஆண்டின் சராசரியை நம்பிப் பெயருக்கு விலை பேசக்கூடாது என்பது விளங்கிவிடும். ட்ரெண்ட்ஸைப் பார்க்கக் கணக்கும் தேவையில்லை, அட்டையும் தேவையில்லை.

அடுத்தது, பிளானரின் அட்டவணையில் பெயர் விற்பவர்கள் மிகவும் பாவிக்கும் 'போட்டி' என்ற நிரல். அதில் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று இருக்கும். அந்தச் சொல்லுக்கு விளம்பரம் போடுபவர்களுக்கு இடையிலான போட்டியைத்தான் அது குறிக்கிறது. சாதாரணத் தேடல் முடிவுகளில் முதல் பக்கத்துக்கு வருவது எளிதா கடினமா என்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. அப்புத்தளைக்கு அருகில் வீட்டு விடுதி நடத்தும் ஓர் அக்காவிடம் ஒருவர், நான்கு சொற்களை ஒட்டிச் செய்த ஒரு டொட் கொம் பெயரை, இந்த நிரலில் 'குறைவு' என்றிருந்த இடத்தைப் பச்சை மையால் வட்டமிட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சாதாரணப் பதிவுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு விலை கேட்கப்பட்டிருந்தது. "தம்பி, போட்டி இல்லன்னு போட்டிருக்கே, வாங்கினா மொத ஆளா வந்துருவோம்தானே?" என்று அவர் கேட்டார். நான் அந்த நிரலின் பொருளை விளக்கிவிட்டு, அதே தேடலைக் கைபேசியில் செய்து காட்டினேன். முதல் பக்கம் முழுவதும் பெரிய முன்பதிவுத் தளங்கள்தான் இருந்தன. அவர் அந்தப் பெயரை வாங்கவில்லை. ஒரு பெயரின் விலையை இந்த நிரலைக் காட்டி உயர்த்துவது, தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், வாங்குபவருக்கு இழைக்கும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

தேடப்படும் சொல்லே பெயராக இருந்தால் முதலிடம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு காலத்தில் ஓரளவு அடிப்படை இருந்தது. 2012 செப்டெம்பரில் கூகுள் செய்த மாற்றம், தரமற்ற உள்ளடக்கத்தைக் கொண்டு பெயரின் பலத்தில் மட்டும் மேலே நின்ற தளங்களைக் கீழே இறக்கியது. இன்று கூகுள் தன் தொடக்க வழிகாட்டியிலேயே, ஆள்களப் பெயரில் உள்ள தேடற்சொற்களால் மட்டும் தரவரிசையில் ஏறத்தாழ எந்த விளைவும் இல்லை என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. பிளானரின் எண்ணைக் காட்டிப் பெயர் விற்பவர் இதைச் சொல்வதில்லை.

எண் பெரிதாக இருந்தும் தொடக்கூடாத சொற்கள் சில உண்டு. லிப்டன் சீட் அப்புத்தளைக்கு அருகிலுள்ள ஒரு காட்சிமுனை. பயணிகள் அதைத் தேடுகிறார்கள், பிளானரும் அதை எந்தத் தயக்கமும் இன்றிப் பட்டியலில் காட்டுகிறது. ஆனால் லிப்டன் ஒரு தேயிலை வணிகச் சின்னம். அந்தச் சொல்லை வைத்துப் பெயர் பதிவு செய்து அதில் தேயிலை விற்கத் தொடங்கினால், 1999 முதல் நடைமுறையில் உள்ள ஆள்களப் பெயர்ப் பிணக்குத் தீர்வு விதிகளின் கீழ் டொட் கொம் பெயரைப் பறிகொடுக்க நேரலாம். பிளானர் எச்சரிக்காது. 'சிலோன் டீ' விடயத்திலும் கவனம் வேண்டும். நாட்டின் பெயர் 1972இல் மாறிய பிறகும் உலகச் சந்தை பழைய பெயரில்தான் நம் தேயிலையைத் தேடுகிறது. கருவி இதைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் பெயரில் அந்தச் சொற்கள் இருந்துவிட்டால் மட்டும் பொதியில் சிலோன் டீயின் அடையாளமான சிங்கச் சின்னத்தைப் பொறிக்கும் உரிமை வந்துவிடாது. அதற்கு இலங்கைத் தேயிலைச் சபையின் அனுமதி வேண்டும்.

தமிழ்ச் சொற்களுக்குக் கருவி மிகவும் பலவீனமானது. நம் ஊர்களின் பெயரோடு விடுதி, தேயிலை என்று தமிழில் இட்டால் பெரும்பாலும் எண்ணுக்குப் பதிலாக வெறும் கோடுதான் வருகிறது. நம்மவர்கள் தமிழில் தேடுவதில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். சிலர் குரலில் கேட்கிறார்கள். ஊர்ப் பெயரையே அப்புத்தளை, ஹப்புத்தளை என்று இரண்டு விதமாக எழுதுகிறோம். இலங்கைக்கு 2010 முதலே டொட் இலங்கை என்று தமிழ் எழுத்திலேயே முடியும் ஆள்களம் இருக்கிறது. உள்ளூர்த் தமிழ் வாசகரை நோக்கிய தளங்களுக்கு, கீவேர்ட் எண் எதுவும் இல்லாவிட்டாலும், அதைப் பதிவு செய்துகொள்ளும்படி நான் மனமார வற்புறுத்துகிறேன். சில செயலிகளில் அந்த முகவரி எக்ஸ்என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித் தெரியும் என்பதையும், மின்னஞ்சலுக்கு ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றும் தேவைப்படும் என்பதையும் முன்பே சொல்லிவிடுவேன்.

பிளானர் அளக்க முடியாத தகுதி ஒன்று பெயருக்கு உண்டு. மழை இரைச்சலில் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் உள்ளவர் பிழையின்றி எழுதிக்கொள்கிறாரா? ஏ 16 வீதியில் வளைவுக்குப் பிறகு நிற்கும் பலகையில், ஓடும் வாகனத்திலிருந்து வாசிக்க முடிகிறதா? நான்கு தேடற்சொற்களை ஒட்டிய பெயர் இந்த இரண்டிலும் தேறாது. உரிமையாளரின் வீட்டுப் பெயரோ, அருகிலுள்ள தோட்டத்து டிவிஷனின் பெயரோ பெரும்பாலும் தேறிவிடும்.

கட்டணம் செலுத்திப் பாவிக்கும் அஹ்ரெஃப்ஸ், செம்ரஷ் போன்றவை சிறந்த கருவிகள்தாம். முதல் பக்கத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்பதற்கும் அவை ஒரு மதிப்பெண் தருகின்றன. ஆயினும் டொலரில் மாதச் சந்தா கட்டி ஒரே ஒரு பெயரைத் தெரிவு செய்வது ஒரு சிறு விடுதிக்குக் கட்டுப்படியாகாது. பிளானர், ட்ரெண்ட்ஸ், கூகுளின் தேடல் பெட்டியில் தட்டும்போதே தோன்றும் பரிந்துரைகள் ஆகிய மூன்றும் போதும். முன்பு யாரிடமாவது இருந்து காலாவதியான பெயர் என்றால், இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் அதன் பழைய பக்கங்களையும் பார்த்துவிட வேண்டும்.

ஐந்துக்கு மதிப்பெண் இடுவதானால், சந்தையை அறிந்துகொள்ளும் கருவியாகப் பிளானருக்கு நான்கு தருவேன். ஆள்களப் பெயருக்கு விலை நிர்ணயிக்கும் அளவுகோலாக ஒன்றுக்கு மேல் தரமாட்டேன். பெயருக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய சொற்களின் பட்டியலை நான் அழிப்பதில்லை. அதைக் கோப்பாகத் தரவிறக்கி வைத்து, ரயிலில் வருபவருக்கு ஒரு பக்கம், கொழுந்து பறிப்பதைப் பார்க்க விரும்புபவருக்கு ஒரு பக்கம், காலையில் லிப்டன் சீட் ஏறுபவருக்கு ஒரு பக்கம் என்று தளத்தின் உள்பக்கத் தலைப்புகளாக அந்தச் சொற்களைப் பாவிக்கிறேன்; கூகுள் வழியாக வரும் விருந்தினர்களில் பெரும்பாலோர் அந்த உள்பக்கங்களில்தான் முதலில் வந்து இறங்குகிறார்கள்.