ஐந்தில் எனக்குப் பிடித்த ஒரே பக்கம்: மடிப்பு ரிஃப்ளெக்டர் அனுபவம்

ஒளியை ஆள்மேல் திருப்பிவிடும் மடிப்புத் தட்டுதான் ரிஃப்ளெக்டர். என்னுடையதன் ஜிப் பிய்ந்த உறையை லிட்டில் இந்தியாவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து நேற்றுதான் வாங்கி வந்தேன். கல்யாணப் படம் எடுக்கும் தம்பி ஒருவர் அதற்குள், "அண்ணே, அந்த அஞ்சு பக்க ரிஃப்ளெக்டர் விலை குறைஞ்சிருக்கே, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அவருக்கான பதில் இது.

110 செ.மீ. வட்டம், சில்வர், கோல்டு, வெள்ளை, கறுப்பு, நடுவில் ஒளி ஊடுருவும் துணி. இதெல்லாம் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது வெள்ளைப் பக்கத்தைப் பற்றி.

நல்ல கறுப்பாக இருப்பவர் வந்து நின்றால் உடனே 'லைட் பத்தலை' என்று ஃபிளாஷை ஏற்றுகிறார்கள். அது தப்பு. தோலுக்குள் புகும் ஒளியில் பெரும்பகுதியை மெலனின் உறிஞ்சிக்கொள்ளும். முகத்தின் வடிவத்தை எடுத்துக் காட்டுவது தோலின் மேலே பட்டுத் திரும்பும் பளபளப்புதான். குத்துவிளக்கைப் படம் எடுப்பது மாதிரி, எவ்வளவு வெளிச்சம் என்பதைவிட அதில் எது பிரதிபலிக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். சின்ன ஃபிளாஷ் என்றால் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, சுற்றிலும் இருட்டு. பெரிய வெள்ளைப் பரப்பைக் கிட்டே கொண்டுபோனால், கன்னத்து எலும்பிலிருந்து தாடை வரை ஓரம் கரைந்த பளபளப்பு நீளமாக இறங்கும்.

இதற்கு ஜார்ஜ் டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதையைவிட நல்ல ஸ்டூடியோ எனக்குத் தெரியாது. பினாங்கு பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரிதான் வடக்கே இருக்கிறது. மதியத்தில் வெட்டவெளியில் நிறுத்தினால் கண்குழி இரண்டும் இருண்டுவிடும். ஐந்தடியில் மேல்வெயிலைக் கூரை தடுத்துவிடும், தெருப்பக்க வெளிச்சம் மட்டும் பக்கவாட்டில் வரும். அப்படி ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பாட்டியை உட்காரவைத்து, கடைப்பக்கம் வெள்ளையைப் பிடிக்கச் சொன்னேன். மூக்குத்தியை ஒட்டிய கன்னம் செம்பழுப்பாகத் துலங்கியது. நெற்றி ஓரத்தில் வானத்து நீலம் லேசாகப் படிந்திருந்தது. அந்த நிறத்தை எடிட்டிங்கில் கொண்டுவர முடியாது. பாட்டியின் மகள் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா அம்மா மாதிரியே இருக்காங்க" என்றார்.

எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் எவ்வளவு ஒளி பதிய வேண்டும் என்பதை மட்டும் கேமராவிடம் விடாதீர்கள். அது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் வெளுக்க வைக்கும், சுற்றிலும் வெள்ளை வேட்டி நின்றால் அதே முகத்தை மைபோல இருட்டாக்கும். ஸ்பாட் மீட்டரில் கன்னத்தின் ஒளியை மட்டும் அளந்து, அதில் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி ஒளி) குறைத்து எடுப்பது என் வழக்கம்.

சரி, கோபத்துக்கு வருகிறேன். சில்வர் பக்கம் வேர்த்த முகத்தில் எண்ணெய் வழிவதுபோல ஆக்குகிறது. கோல்டு பக்கம் மாலை வெயிலுக்குப் பரவாயில்லை. மேகமூட்டத்தில் பிடித்தால் பாதி முகம் மஞ்சள், பாதி நீலம். இதோடு வந்த தாளில் இருந்த மாதிரிப் படங்கள் அத்தனையும் வெளுத்த முகங்கள்தான். ஃபிலிம் காலத்தில் கோடாக் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களிலும் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்தான். அந்த முகத்தை வைத்துத்தான் பிரிண்டின் நிறத்தைச் சரிபார்த்தார்கள். மரச்சாமான், சாக்லேட் கம்பெனிகள் தங்கள் பொருளின் பழுப்பு சரியாக வரவில்லை என்று புகார் செய்த பிறகுதான் கவனித்தோம் என்று கோடாக்கில் வேலை பார்த்தவர்களே பிற்பாடு சொன்னார்கள். மேசைக்குக் கிடைத்த அக்கறை மனிதர்களுக்கு முதலில் கிடைக்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் எரிகிறது.

ஜிப்பைப் பற்றி என்ன சொல்ல? உறையைத் திருப்பிப் போட்டுத்தான் பக்கத்தை மாற்ற வேண்டும், ஆனால் அந்தத் திருப்பலைத் தாங்க முடியாத ஜிப்பை வைத்திருக்கிறார்கள். கடற்கரைக் காற்றில் இதைப் பிடிக்க ஆள் வேறு வேண்டும்.

அதனால் தம்பி, விலை குறைந்தாலும் வாங்காதீர்கள். சைன்போர்டு கடையில் வெள்ளை ஃபோம் போர்டு ஒன்று பெரியதாக வாங்கிக்கொண்டால் முக்கால்வாசி வேலை நடந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்மலைக் கோயில் கல்யாணத்துக்கு என்னுடையதைத்தான் எடுத்துப் போகிறேன். வந்தீர்கள் என்றால் வெள்ளைப் பக்கத்தை நீங்களே பிடித்துப் பார்க்கலாம்.