பிரசவ வார்டுக்கு வெளியே

மனைவியைப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் சிங்கப்பூர் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் மூத்தவள் இங்கேதான் பிறந்தாள். மானியமில்லாத கட்டணத்தை இன்னொரு முறை கட்டத் தெம்பில்லை. அதனால் இளையவளுக்கு மாமியார் ஊர்ப் பக்கம், டெல்டாவில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஊருக்குப் போனதும் கிராம சுகாதாரச் செவிலியரைப் பார்த்துக் கர்ப்பத்தைப் பதிந்துவிடுங்கள். 12 இலக்க எண் ஒன்று தருவார்கள், பிக்மி நம்பர் என்பார்கள். அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு.

மூத்தவள் பிறந்தபோது நான் கட்டிலின் தலைமாட்டில் நின்றேன். ஊரில் அப்பாக்களுக்குக் கம்பிக் கதவு வரைதான் அனுமதி. துணைக்கு ஒரு பெண் உள்ளே இருக்கலாம், மாமியார் போனார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரே அறையில் பல கட்டில்கள் கிடக்கும்போது அங்கே ஆண்கள் நின்றால் மற்றப் பெண்கள் என்ன செய்வார்கள்?

குறை வேறு. வெளியே இருப்பவனுக்குச் சேதி சொல்ல ஆளில்லை. பிளாஸ்க்கும் கட்டைப்பையுமாகப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் மொத்தக் கூட்டமும் எழுந்து நிற்கும். ஆபரேஷனா, ரத்தம் ஏற்பாடு செய்ய வேண்டுமா, ஒன்றும் தெரியாது. வெந்நீர் வாங்க வந்த மாமியார், "இன்னும் நேரமாகும் மாப்ள, போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். விடிய விடிய எனக்குக் கிடைத்த மருத்துவ அறிக்கை அவ்வளவுதான்.

வெளுக்கும் நேரத்தில் ஓர் ஆயாம்மா, பழைய வேட்டியில் சுற்றிய குழந்தையோடு வந்தார். துணியை மூக்கு தெரியும் அளவுக்கு விலக்கிக் காட்டிவிட்டு உடனே மூடிக்கொண்டார். "பொண்ணு சார். அம்மாவும் நல்லா இருக்கு. பாத்துக் குடுங்க." பக்கத்திலிருந்தவர் முன்பே சொல்லியிருந்தார்: பையன் என்றால் ஆயிரம், பொண்ணு என்றால் ஐந்நூறு. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்று 1994லேயே சட்டம் போட்டு, ஸ்கேன் சென்டர் தோறும் பலகை மாட்டியிருக்கிறோம். பிறந்த பிறகு அதற்கு விலைப்பட்டியல்! நான் ஆயிரமே கொடுத்தேன். லஞ்சத்தில் என்ன சமத்துவம் என்று மனைவி இன்றும் கேலி செய்கிறாள்.

ஆயாம்மாவைத் திட்ட எனக்கு மனமில்லை. வேறு யாரும் சொல்லாத சேதியை அவர் விற்கிறார். மணிக்கொரு தரம் ஒரு நர்ஸ் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிலவரம் சொன்னால் அந்த வியாபாரம் படுத்துவிடும். புகார் சொல்ல நினைப்பவர்களுக்கு 104 என்ற அரசு சுகாதார உதவி எண் இருக்கிறது.

வீட்டுக்குக் கிளம்பும்போது, தாயையும் குழந்தையையும் வீட்டில் கொண்டுவிடும் அரசின் 102 வண்டி வந்தது, இலவசம். டீக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டியதைக்கூட டிரைவர் வாங்கவில்லை.

அப்புறம், சான்றிதழ். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், மருத்துவமனையிலேயே முடிந்துவிடும். குழந்தையின் பெயரைப் பிறகு சேர்க்கலாம், ஒரு வருடம் வரை கட்டணமில்லை. ஆனால் அப்பா அம்மா பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துப் பிசகாமல் நீங்களே எழுதிக் கொடுங்கள். வார்டில் காதால் கேட்டு எழுதினால் ஓர் எழுத்தாவது மாறும். குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போது, விடுமுறை முடிகிற நேரத்தில், அந்த ஓர் எழுத்துக்காக அலைய வேண்டியிருக்கும்.