வேரியபிள் என்டி ஃபில்டர்: தண்ணீருக்கு நல்லது, பாறைக்கு ஆகாது

இங்கே மொரிஷியஸில் காத்ர் போர்ன் ஊரிலிருந்து தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, வேரியபிள் என்டி விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" லென்ஸின் முன்னால் மாட்டி, வளையத்தைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற கருங்கண்ணாடி அது. சில வருடங்களாக அதை மாட்டிக்கொண்டுதான் தீவின் தெற்குப் பக்கம் அலைகிறேன், அதனால் சொல்ல நிறைய இருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலில் கேமராவின் உணர்திறனைக் குறைத்து ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப்/16 வைத்தாலும் ஷட்டர் 1/100 வினாடியைவிட மெதுவாகாது. அருவி திட்டுத் திட்டாக உறைந்து நிற்கும். வளையத்தைத் திருப்பி 4, 5 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்தால் 1/6, 1/3 வினாடி கிடைக்கும். தண்ணீரின் இழை தெரிகிற வேகம் அதுதான். 20 வினாடி திறந்து வைத்துப் பால் மாதிரி ஆக்குவது எனக்குப் பிடிக்கவே இல்லை. அதில் ஓட்டமே இல்லை. தெற்குக் கரையில் இருக்கும் க்ரி க்ரியில் அலையைத் தடுக்கப் பவளத்திட்டு கிடையாது, கடல் நேராகப் பாறையில் மோதும். மேகம் வந்து வெளிச்சம் மாறுகிற நேரத்திலும் ஒரு திருப்பில் 1/2 வினாடியைப் பிடித்து, வடிகிற அலையைக் கோடு கோடாக எடுத்துவிடலாம். அங்கே இதற்கு ஈடே இல்லை.

ஆனால் சுய்யாக் பக்கம் ரோசெஸ்டர் அருவிக்குப் போனால் கோபம்தான் வருகிறது. கட்டம் கட்டமாக நிற்கும் கரிய எரிமலைப் பாறை, எப்போதும் ஈரம். இந்த ஃபில்டர் என்பது ஒன்றன் முன் ஒன்றாக இரண்டு போலரைசர் கண்ணாடிகள், அதாவது ஈரப் பளபளப்பை அடக்கும் கண்ணாடிகள். முன்கண்ணாடியைத் திருப்பினால் வெளிச்சம் குறைவதோடு பாறையின் பளபளப்பும் கூடவே மாறுகிறது. 1/4 வினாடிக்கு வைத்தால் பாறை வெள்ளையாகக் கண்ணைக் குத்தும். பளபளப்பை அடக்கினால் வேகம் போய்விடும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபில்டரையே மரையில் கொஞ்சம் தளர்த்தித் திருப்ப வேண்டும். சாரலடிக்கிற இடத்தில் தளர்ந்த கண்ணாடியோடு எப்படி நிம்மதியாகப் படமெடுப்பது? ஒவ்வொரு முறையும் இதே பாடு. வைட் ஆங்கிள் லென்ஸில் ஃபில்டரை முழு இருட்டுக்குத் திருப்பினால் படத்தின் நடுவே பெருக்கல் குறி போலக் கருநிழல் விழும், அது வேறு.

அதனால் தம்பி, விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்க வேண்டாம். 3 ஸ்டாப் குறைக்கிற, திருப்ப வேண்டாத ஒற்றை என்டி கண்ணாடி ஒன்று, தனியாக ஒரு போலரைசர் வாங்குங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் வெயிலிலும் எஃப்/16இல் 1/4 வினாடி பக்கம் வந்துவிடும், பாறையும் கருப்பாகவே இருக்கும். என்னுடையதை விற்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள். க்ரி க்ரிக்கு அது இல்லாமல் நான் போக மாட்டேன்.