மரினா அணைக்கட்டுக்கு மழை நாளில் போங்கள்

சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் கூரைமேல் உள்ள புல்வெளியையும் பட்டம் விடுவதையும்தான் சொல்கிறார்கள். முதல் முறை நானும் அதை மட்டுமே பார்த்தேன். ஊரிலிருந்து வந்த உறவினர்களோடு ஒரு சுற்றுலா நிறுவனத்தின் பேருந்தில் போயிருந்தேன். வழிகாட்டி இருபது நிமிடம் கொடுத்தார், படம் எடுக்கச் சொன்னார், வண்டியில் ஏற்றிவிட்டார். அணை எதற்காக அங்கே நிற்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற டிசம்பரில், வானம் இருண்டு கொட்டிய ஒரு பிற்பகலில், அம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன்.

அம்மாவுக்கு 82 வயது. பொத்தோங் பாசிர் கம்பத்தில் (கிராமத்தில்), காலாங் ஆற்றுக்குப் பக்கத்தில் குடித்தனம் நடத்தியவர். 1978 டிசம்பர் வெள்ளத்தின்போது எனக்கு ஒன்பது வயது. பாய லேபாரில் 24 மணி நேரத்தில் 512 மில்லிமீட்டர் மழை. ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 2,100 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில், கால் பங்கு ஒரே நாளில் இறங்கியது. ஏழு பேர் இறந்தார்கள். அரிசி டின்னை அம்மா பரண்மேல் ஏற்றியதும், நாங்கள் படுத்திருந்த பாய் மிதந்து வாசலுக்குப் போனதும் இன்றும் கண்ணில் நிற்கின்றன.

அதனால்தான் பம்பு அறையின் கண்ணாடி முன்னால் நின்றதும் அம்மா கேட்ட கேள்வி எனக்குப் பெரிதாகப் பட்டது. “ஏனப்பா, மழை கொட்டும்போது கடலும் ஏறி நின்றால் இந்தத் தண்ணீர் எங்கே போகும்?” ஆற்றங்கரையில் வாழ்ந்தவருக்குத்தான் அது தோன்றும். அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் இந்த அணை.

350 மீட்டர் அகலமுள்ள கால்வாய்க்குக் குறுக்கே ஒன்பது எஃகு மதகுகள். வற்றத்தின்போது, அதாவது கடல் தாழ்ந்திருக்கும் நேரத்தில், பெருமழை பெய்தால் மதகுகள் சாய்ந்து கொடுக்கும். நீர் தானாகக் கடலுக்கு வழியும். கடல் ஏற்றமாக இருந்தால் மதகைத் திறக்க முடியாது, கடல் உள்ளே வந்துவிடும். அப்போது ஏழு பம்புகள் வேலை செய்யும். ஒவ்வொன்றும் நொடிக்கு 40 கன மீட்டர் நீரை வெளியே தள்ளும். ஓர் ஒலிம்பிக் நீச்சல் குளத்தை ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் காலி செய்கிற வேகம். சைனாடவுன், ஜாலான் புசார், கேலாங் போன்ற தாழ்வான பகுதிகளுக்கு இதுவே காவல்.

நாங்கள் போனது வற்றத்தின் நேரம். பம்புகள் சும்மா நின்றன. பாலத்தின்மேல் குடைபிடித்து நடந்தோம். கீழே மதகின் விளிம்பைத் தாண்டித் தேநீர் நிறத்தில் நீர் புரண்டு விழுந்தது; இலைகள், ஒரு தேங்காய் மட்டை, நுரைப்பெட்டியின் வெள்ளை மூடி. மூடி விளிம்பில் ஒரு கணம் தயங்கி நின்று, கவிழ்ந்து, அந்தப் பக்கம் போய் விழுந்தது. அங்கே பழுப்பு நீருக்கும் பச்சைக் கடலுக்கும் நடுவே கோடு கிழித்தது போல் ஓர் எல்லை. அம்மா அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிங்கப்பூரின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கில் விழுகிற மழை இந்த ஒரு வாயில் வந்து சேர்கிறது. பொத்தோங் பாசிர் வழியாக வருகிற காலாங்கும் இதில்தான் கலக்கிறது.

1987இல் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ முன்வைத்த எண்ணம் 2008இல் அணையாக நின்றது. உள்ளே இருந்த உப்புநீரை மழையே கழுவிக் கழுவி நன்னீராக்கியது. இன்று அது குடிநீர்த் தேக்கம். காட்சிக்கூடத்தையும் பார்க்கலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் நேரம் குறைவு என்றால் பாலத்தையே தேர்ந்தெடுங்கள்.

இந்த அணை எல்லா வெள்ளத்தையும் நிறுத்திவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். 2010இல் ஆர்ச்சர்ட் சாலை மூழ்கியபோது அணை திறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. மேட்டில் உள்ள கால்வாய் கொள்ளாமல் வழிந்தால் முகத்துவார அணையால் ஒன்றும் செய்ய இயலாது. அதற்குத் தனியாக ஸ்டாம்ஃபர்ட் தேக்கத்தொட்டியும் திருப்புக் கால்வாயும் 2018இல் வந்தன. எனக்கு உண்மையில் கவலை தருவது கடல்தான். 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்கிறது இங்குள்ள ஆய்வு. கடல் உயர்ந்தால் மதகைச் சாய்க்கக் கிடைக்கும் வற்ற நேரம் சுருங்கும், பம்புகளின் வேலை கூடும்.

நுழைவுக் கட்டணம் இல்லை. கரையோரப் பூந்தோட்டங்கள் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். கூரைக்குச் சாய்தளம் வளைந்து ஏறுகிறது. கைத்தடியோடு அம்மாவால் நிறுத்தி நிறுத்தி ஏற முடிந்தது. இடி இருந்தால் மட்டும் மேலே போகாதீர்கள். புறப்படும் முன் ஏற்ற வற்ற நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றமும் பெருமழையும் சேர்ந்த நாளில் போய், பாலத்தின் நடுவில் நில்லுங்கள்.